நீந்தும் வித்தின் சாட்சி



கெடாவின் சுங்கை லாலாங் என்னும் உங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு புல் நிற்கிறது. மலாய்க்காரர் லாலாங் என்றதைத் தோட்டத்து மக்கள் லாலான் என்றார்கள். அந்தப் புல்லோடு மல்லுக்கட்டாத தோட்டம் கெடாவில் உண்டா? மேலே வெட்டினால் அது போய்விடுமா? போகாது. தீ வைத்தால் போகுமா? அதுவும் போகாது, கரிக்குள்ளிருந்தே ஊசி ஊசியாய் முளை நீட்டும். ஏனென்றால் அதன் உயிர் மேலே ஆடுகிற தாளில் இல்லை, மண்ணுக்குள் ஓடுகிற தண்டில் இருக்கிறது. விதை பஞ்சாய்ப் பறந்து ஒரு வழியில் பெருகும்; தண்டு மண்ணுக்கடியில் ஊர்ந்து இன்னொரு வழியில் பெருகும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டவர்தான் லாலானை அடக்கினார். ஓர் உயிர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, அது எப்படிப் பெருகுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதையே இன்னும் பல மடங்கு சிறிய உயிர்களிடம் கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறோம். ‘பாசிப் பூஞ்சைகள்’ என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்த உயிர்கள் அவை. இன்று அந்தக் குடும்பம் அறிவியலில் இல்லை. அதைக் கட்டியவர்கள் யார்? அது எப்படிக் கலைந்தது? கலைந்ததால் ரப்பர் மரத்தடியில் நிற்கிற நமக்கு என்ன? இவைதான் இன்றைய கேள்விகள்.

முதலில் அந்தப் பழைய வீட்டைப் பார்ப்போம். பூஞ்சை நமக்குப் புதிதல்ல. மழை நாளில் தோல் செருப்பில் பூக்கிற பூசணம், மறந்து வைத்த ரொட்டியில் படர்கிற சாம்பல், மட்கிய கட்டையில் குடை விரிக்கிற காளான், ரப்பர் மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு வேரையே அழுக வைக்கிற வெள்ளை வேர் நோய், எல்லாம் பூஞ்சைதான். நுண்ணோக்கியில் பார்த்தால் இவற்றின் உடல் மெல்லிய இழைகளாகத் தெரியும். சில இழைகளில் மூங்கில் கணுவைப்போல இடையிடையே குறுக்குச் சுவர் இருக்கும். வேறு சில இழைகளில் அந்தச் சுவர் இல்லை. நீர்க்குழாயைப்போல உள்ளே ஒரே ஓட்டமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரியின் காலத்தில், இப்படிச் சுவர் இல்லாதவற்றையெல்லாம் சேர்த்து ‘பைகோமைசீட்ஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது. கிரேக்கச் சொற்களால் ஆன அந்தப் பெயருக்குப் பாசிப் பூஞ்சைகள் என்றே பொருள். பச்சை நிறத்தை இழந்த பாசிகள்தாம் பூஞ்சையாக மாறின, அந்த மாற்றத்தின் முதல் படியில் நிற்பவை இவை என்று எண்ணினார்கள். ஆகவே இவை ‘ஆதிப் பூஞ்சைகள்’, ‘கீழ்நிலைப் பூஞ்சைகள்’. 1930இல் அமெரிக்காவின் ஃபிட்ஸ்பாட்ரிக் இவற்றுக்காக எழுதிய பாடநூலின் தலைப்பே ‘கீழ்நிலைப் பூஞ்சைகள்’ என்றுதான் தொடங்குகிறது. பல தலைமுறை மாணவர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள்.

அவையோரே, இந்தக் குடும்பத்தைக் கட்டிய கயிறு எது என்று கவனியுங்கள். குறுக்குச் சுவர் இல்லை. அதுதான் கயிறு. இல்லாமை உறவாகுமா? இறகு இல்லாதவை என்று சொல்லிப் பாம்பையும் யானையையும் விராலையும் ஒரே கூடையில் போட்டால் அது குடும்பமா, கூடையா? நம் தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு இருக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மரமல்ல, புல். இன்றைய தாவரவியலைக் கேளுங்கள்: பனைக்கும் தென்னைக்கும் நெருங்கிய உறவு நெல்லோடும் மூங்கிலோடும் உண்டு; ரப்பர் மரத்தோடு இல்லை. உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே வைரம் எங்கே ஏறுகிறது என்று பார்த்த கண் அது. ‘இது இல்லை’ என்று பிரித்தால் கூடை கிடைக்கும். ‘இது இப்படி உருவாகிறது’ என்று பிரித்தால்தான் குடும்பம் கிடைக்கும். பாசிப் பூஞ்சைகளின் பழைய வகைப்பாடு தவறியது இந்த இடத்தில்தான். அதைத் திருத்துவதற்கான சாட்சி, அந்த உயிர்கள் பெருகும் முறையிலேயே தொடக்கத்திலிருந்து இருந்தது என்பதுதான் நான் இன்று நிறுவ விரும்பும் வாதம்.

சரி, கூடையைத் திறப்போம். முதலில் கைக்கு வருவது இரவுச் சந்தையில் வாழை இலையில் பொதிந்து விற்கிற தெம்பே. சோயா அவரையை ஊறவைத்து, வேகவைத்து, தோல் நீக்கி, ஆறவைத்து, ராகி எனப்படும் காடித்தூளைத் தூவிக் கட்டி வைக்கிறார்கள். ஓரிரு நாளில் தனித்தனியாகக் கிடந்த பருப்புகளை வெள்ளை இழைகள் ஒன்றோடொன்று தைத்து ஒரே பாளமாக்கிவிடுகின்றன. அந்தத் தையற்காரன் பெயர் ரைசோபஸ். பழைய கணக்கில் அது பாசிப் பூஞ்சை. விற்காமல் இன்னும் ஒருநாள் கிடந்தால் தெம்பேயின் மேல் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் வருமே, கெட்டுவிட்டதோ என்று பலர் தயங்கும் புள்ளிகள், அவை என்ன? பூஞ்சையின் வித்துப்பைகள். நிமிர்ந்து நிற்கும் ஒரு காம்பின் தலையில் உருண்டையாக ஒரு பை. அதற்குள் ஆயிரக்கணக்கில் வித்துகள். பை உடைந்தால் காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போகும். இவற்றுக்கு நீந்தத் தெரியாது, நீந்தும் தேவையும் இல்லை. இது ஆண் பெண் சேராத பெருக்கம். சேர்ந்து பெருகும் வழியும் உண்டு. 1904இல் அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ அதைக் கண்டு சொன்னார். பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாததால் கூட்டல், கழித்தல் என்று பெயரிட்டார். கூட்டலும் கழித்தலும் நெருங்கினால் இரண்டும் கை நீட்டும், நுனிகள் தொட்டுக் கலக்கும், கலந்த இடத்தில் தடித்த கறுப்பு ஓட்டுடன் ஓர் இணைவித்து உருவாகும். ஒரே வகை இழைகள் எத்தனை நாள் பக்கத்தில் கிடந்தாலும் இது நடக்காது. 2021இல் கொரோனா காலத்து இந்தியாவில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சையும் இந்த இனத்தாரின் வேலைதான். ஒரே கூட்டம் ஓரிடத்தில் உணவாகிறது, இன்னோரிடத்தில் உயிரை எடுக்கிறது.

கூடையில் அடுத்து இருப்பது கைட்ரிட் என்னும் சிறு கூட்டம். பெரும்பாலும் நீரிலும் ஈர மண்ணிலும் வாழ்பவை. இவற்றின் வித்துக்கு நீந்தத் தெரியும். பின்பக்கம் ஒரே ஒரு கசையிழை. வாலை அடித்து முன்னே போகும். உலகெங்கும் தவளைகள் ஏன் மடிகின்றன என்று அறியாமல் அறிஞர்கள் தவித்தபோது, தவளையின் தோலில் குடியிருந்த ஒரு கைட்ரிட்டுக்கு 1999இல் பெயர் சூட்டப்பட்டது. தவளை, சலமாண்டர் முதலிய இருவாழ்விகளில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் அதனால் குறைந்திருக்கின்றன என்று 2019இல் ஒரு பெரும் ஆய்வு கணக்கிட்டது. இங்கே வேறொன்றைக் கவனியுங்கள். பின்னாலிருந்து தள்ளும் ஒற்றை வால் வேறு எங்கே இருக்கிறது? விலங்குகளின் விந்தணுவில் இருக்கிறது. மனிதனின் விந்தணுவிலும் அதே அமைப்புதான். இது தற்செயல் ஒற்றுமையல்ல. பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே பெருங்கிளையில் பிறந்தவை என்பதை 1990களில் மரபணு ஒப்பீடுகள் உறுதிசெய்தன. காளான், செடியைவிட நமக்கு நெருங்கிய சொந்தம்!

இனி, அந்தக் கூடையில் இருந்தவர்களில் நம் தோட்டங்களை நேரடியாகத் தொட்டவரிடம் வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மழை விடாமல் பெய்யும் மாதங்களில் பால்மரக் காட்டுக்குள் நடந்தால், பழுக்காத இலைகள் பச்சையாகவே கொட்டிக் கிடப்பதைச் சில ஆண்டுகளில் பார்க்கலாம். ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் மரம் இலை உதிர்க்கிறதே, அது இயல்பு. அந்த இலை நிறம் மாறி, முதிர்ந்து விழும். மழைக்காலத்தில் விழும் இந்த இலை வேறு. ஒன்றைக் குனிந்து எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பில் ஓரிடம் கறுத்திருக்கும். கறுப்பின் நடுவே ஒரு சொட்டுப் பால் வெள்ளையாக உறைந்து நிற்கும். இலையை லேசாக உதறுங்கள். மூன்று சிற்றிலைகளும் கழன்று விழும். இயல்பாக உதிர்ந்த இலையை உதறினால் அப்படிக் கழலாது. அண்ணாந்து பார்த்தால் பச்சைக் காய்கள் அழுகிக் கறுத்துக் கிளையிலேயே தொங்கும். பெரும்பாலும் நோய் முதலில் அந்தக் காயில்தான் ஏறுகிறது, அங்கிருந்துதான் மழைத்துளியில் இலைக்காம்புக்கு இறங்குகிறது. அதே உயிர் வெட்டுப் பட்டைக்கும் வரும். வெட்டுக்கோட்டுக்கு மேலே, புதுப்பட்டை வளரும் இடத்தில், மெல்லிய நெடுங்கோடுகளாகக் கறுப்பு விழும். பட்டையைச் சுரண்டினால் உள்ளே மரத்திலும் அந்தக் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பட்டை மேடும் பள்ளமுமாக வளர்ந்து, மறுசுற்றில் கத்தி ஓடாது. பட்டைதான் பால்வெட்டுக்காரரின் சோறு. அந்தச் சோற்றிலேயே கை வைக்கிற உயிர் இது.

இதன் பெயர் பைட்டோப்தோரா. செடியை அழிப்பது என்று பொருள். 1876இல் டி பாரி வைத்த பெயர். 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்து, ஏறத்தாழ 10 லட்சம் மக்களைப் பட்டினியிலும் நோயிலும் சாகவைத்து, அதற்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றியது இந்தக் குலத்தின் ஓர் இனம். நம் பக்கத்துக் கதை கோதாவரிக் கரையில் தொடங்குகிறது. அங்கே பனையும் தென்னையும் குருத்தழுகி மடிந்தன. இந்திய அரசின் பூஞ்சை அறிஞராக இருந்த பட்லர், அந்தக் குருத்திலிருந்து ஓர் உயிரைப் பிரித்து 1907இல் ‘பித்தியம் பாமிவோரம்’ என்று பெயரிட்டார். பனையைத் தின்பது என்று பொருள். 1919இல் அவரே அதைப் பைட்டோப்தோரா குலத்துக்கு மாற்றினார். 1910இல் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் மழைக்கால இலையுதிர்வு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் காரணமான இன்னோர் இனத்துக்கு மக்ரே என்பவர் 1918இல் பெயர் வைத்தார். மலேசிய ரப்பரிலிருந்து மற்றோர் இனம் 1969இல் ‘பொட்ரியோசா’ எனப் பெயர் பெற்றது. அதன் வித்துப்பைகள் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர். கோதாவரிப் பனையில் கண்ட அதே பாமிவோராதான் ரப்பரின் வெட்டுப்பட்டையிலும் கொக்கோ காயிலும் ஏறியது. 1934இல் பினாங்கு டுரியான் மரங்களின் பட்டை அழுகலுக்கும் அதுவே காரணமெனப் பதிவாயிற்று.

இந்த உயிர் எப்படிப் பெருகுகிறது? இழையின் நுனியில் எலுமிச்சை வடிவில் ஒரு பை. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மழைநீர் குளிர்ச்சியாக அதன்மேல் பட்டுச் சிறிது நேரம் ஆனதும் உள்ளே இருப்பது தனித்தனித் துண்டுகளாகப் பிரியும். நுனி திறக்கும். உள்ளிருந்து நீந்தும் வித்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் உள்ளது வெறும் நூலல்ல. இருபுறமும் நுண்ணிய மயிர்கள் வரிசையாக நிற்க, இறகைப்போல இருக்கிறது. அது நீரைப் பிடித்து வித்தை முன்னே இழுக்கிறது. பின்னால் உள்ளது வழவழப்பானது, சுக்கான் பிடிக்கிறது. பட்டையின் மேல் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக வழிகிறதே, அந்தப் படலமே இதற்குக் கடல். சில மணி நேரம் நீந்தும். இடம் கிடைத்ததும் வாலை உதிர்த்து, உருண்டு, ஓடு கட்டி, முளை நீட்டித் திசுவுக்குள் நுழையும். விடியற்காலையில் ஈரமான பட்டையில் வெட்டக்கூடாது என்று அனுபவக்காரர்கள் சொன்னதன் உட்பொருள் இதுதான். பால் மழையில் கரைந்து வீணாவது ஒரு காரணம். புதுவெட்டு ஈரத்தில் இந்த நீச்சல்காரருக்கு வாசலைத் திறந்து வைக்கிறது என்பது மறு காரணம்.

இதற்கும் சேர்க்கைப் பெருக்கம் உண்டு. அங்கே கூட்டல் கழித்தல் என்ற மயக்கமில்லை. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் வடிவிலேயே வேறு வேறு. பாமிவோராவில் பெண்ணுறுப்பு ஆணுறுப்பை ஊடுருவிக்கொண்டு வளர்ந்து, மேலே வந்து உருண்டையாகப் பருக்கும். ஆணுறுப்பு அதன் காம்பைச் சுற்றி ஒரு பட்டையைப்போல நிற்கும். உள்ளே கருவுற்ற முட்டைவித்து தடித்த சுவரோடு உருவாகும். ஒரே வகை தனியாக இருந்தால் இது நடப்பதில்லை. இரண்டு எதிர்வகைகள் ஒரே தோட்டத்தில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் பிள்ளைகள் புதுக்குணத்தோடு பிறக்கும். இந்தக் கூட்டம் செடிகளோடு நின்றுவிடவும் இல்லை. நம் நெல்வயல் விராலுக்கு, மலாயில் ஹாருவான் என்கிறோமே அதற்கு, 1980களின் தொடக்கத்தில் உடம்பெல்லாம் புண் வந்ததே, அதன் பின்னால் இருந்ததும் இந்த இரண்டு கசையிழைக் கூட்டத்தின் ஓர் உறுப்பினன்தான்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெம்பேயின் வித்துக்குக் கசையிழையே இல்லை. தவளையைத் தாக்கும் வித்துக்குப் பின்னால் ஒன்று. ரப்பரைத் தாக்கும் வித்துக்கு இரண்டு, அதில் ஒன்று இறகு. ஒன்றில் கூட்டல் கழித்தல் கை கோக்கிறது. இன்னொன்றில் முட்டை உருவாகிறது. இவை மூன்றும் ஒரே குடும்பமா? நீந்தும் வித்தின் சாட்சியை விசாரித்தால் ‘இல்லை’ என்றே பதில் வரும். 1943இல் நீர்வாழ் பாசிப் பூஞ்சைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஸ்பாரோவே கசையிழையின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் கொண்டு அவற்றைப் பிரித்து அடுக்கினார். 1950களின் தொடக்கத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஐரீன் மேன்டன் என்ற அம்மையார் அந்த இறகு மயிர்களைக் காட்டினார். அதே மயிர் வேறு எங்கே உண்டு? கடலில் வளரும் பழுப்புப் பாசியின் நீந்தும் அணுக்களில் உண்டு. 1960களில் ஈவா சான்சம் என்ற ஆய்வாளர், பைட்டோப்தோரா கூட்டத்தின் உடல் இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்டது என்று காட்டினார். ரைசோபஸின் உடலிலோ ஒற்றைத் தொகுதிதான். சுவரைப் பிரித்துப் பார்த்தார்கள். உண்மையான பூஞ்சையின் சுவரில் இறாலின் ஓட்டில் உள்ள கைட்டின் இருக்கிறது. பைட்டோப்தோராவின் சுவரிலோ குளுக்கான்களோடு செடிகளில் உள்ள செல்லுலோஸ் இருக்கிறது. 1980களில் மரபணு வரிசைகளைப் படித்தபோது எல்லாச் சாட்சிகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. பைட்டோப்தோரா பூஞ்சையே அல்ல. பழுப்புப் பாசிக்கும் டயாட்டம் என்னும் கண்ணாடிப் பாசிக்கும் உறவான தனிக்கூட்டம். 2007இல் உலகப் பூஞ்சையியலாளர்கள் கூடி வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் தெம்பேயின் கூட்டத்துக்கான பழைய பெரும் பிரிவுகூட இடம்பெறவில்லை. அதுவும் பல கிளைகளாகப் பிரிந்தது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். ‘ஐயா, மரபணுதானே தீர்ப்புச் சொன்னது? பெருக்க முறையை ஏன் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?’ என்று கேட்கலாம். விடை வரலாற்றில் இருக்கிறது. டி பாரியின் தலைமுறை இந்த உயிர்களைப் பாசியோடு ஒப்பிட்டபோது எந்தப் பாசியைக் கைகாட்டியது? வவுச்சீரியா என்னும் ஈரமண் பாசியை. பிரிங்ஸ்ஹைம் என்ற அறிஞர் 1850களில் வவுச்சீரியாவின் முட்டையுறுப்பையும் ஆணுறுப்பையும் ஆராய்ந்தார். பிறகு மீனின் மேல் பஞ்சுபோல் படரும் சாப்ரோலெக்னியாவிலும் அதே போன்ற உறுப்புகளைக் கண்டார். அந்த வவுச்சீரியா இன்று எந்தக் கிளையில் இருக்கிறது தெரியுமா? பைட்டோப்தோராவும் பழுப்புப் பாசியும் இருக்கும் அதே பெருங்கிளையில்! பச்சையாக இருந்தாலும் அது பச்சைப் பாசிக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. முட்டையையும் ஆணுறுப்பையும் பார்த்துச் சொன்ன உறவு 130 ஆண்டுக்குப் பிறகு மரபணுவிலும் நின்றது. குறுக்குச் சுவர் இல்லை என்று சொன்ன உறவுதான் உடைந்தது. ஆகவே அந்த முன்னோர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிறப்பு முறையைப் பார்த்த இடத்தில் அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். இல்லாமையை எண்ணிய இடத்தில்தான் சறுக்கினார்கள்.

‘ஆதி’, ‘கீழ்நிலை’ என்ற சொற்களையும் இங்கேயே கீழே இறக்கி வைத்துவிட வேண்டும். மழைநீரின் குளிர்ச்சியை உணர்ந்து பை திறப்பதும், இறகால் இழுத்து வாலால் திசை பிடிப்பதும், எதிர்வகையின் இருப்பை அறிந்து முட்டை உருவாக்குவதும் கீழ்நிலையா? எளிய உருவத்தைக் கண்டு எளிய உயிர் என்று எண்ணுவது, தோட்டத்தில் கிழிந்த சட்டையோடு நிற்பவரைப் பார்த்து அறிவில்லாதவர் என்று எண்ணுவதற்கு ஒப்பான பிழை. நம் பாட்டன்மார், தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அந்தப் பிழையை நிறையவே தாங்கினார்கள்.

அடுத்த தடை இன்னும் கூர்மையானது. ‘பெயரை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். தோட்டத்துக்காரருக்கு மருந்து வேலை செய்தால் போதும். வகைப்பாடு தெரியாமலே மருந்து கண்டுபிடிக்கவில்லையா?’ உண்மைதான். பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் அடிச்சாம்பல் நோய் வரவில்லை. மில்லார்டே என்ற அறிஞர் அதைக் கவனித்து 1885இல் உலகுக்குச் சொன்னார். அதுதான் போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோயும் இதே இரண்டு கசையிழைக் கூட்டத்தின் வேலை. கேரளத்து ரப்பரில் மழைக்கு முன் செப்பு மருந்துகளை இன்றும் தெளிக்கிறார்கள். ஆனால் செம்பு வெளியே நிற்கும் காவல்காரன். நோய் திசுவுக்குள் போய்விட்டால் அது கைகட்டி நிற்கும். வெட்டுப் பட்டையில் செம்பைப் பூசவும் முடியாது. செம்பு பாலில் கலந்தால் ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்துக் கெடும். ஆகவே உள்ளே ஊறிப்போய் வேலை செய்கிற மருந்து வேண்டும். அங்கே வந்து நின்றதும் ‘இது யாருடைய உறவு?’ என்ற கேள்வியைத் தாண்டவே முடியாது. பூஞ்சைகளுக்கான அசோல் வகை மருந்துகள் எதைத் தாக்குகின்றன? பூஞ்சை தன் உடலில் தயாரிக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியை. பைட்டோப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத அடுப்பை அணைக்க முடியுமா? கைட்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தும் அப்படியே வீண். 1977இல் மெட்டலாக்சில் வந்ததும் இந்தக் கூட்டத்துக்கே உரிய உள்ளூறும் மருந்து ஒன்று கைக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்களில் அதற்கு அடங்காத பைட்டோப்தோராவும் தோன்றிவிட்டது. டுரியான் தோப்புகளில் அடிமரத்தில் துளையிட்டு ஊசியால் பாஸ்போனேட்டை ஏற்றுகிறார்களே, அதுவும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தின்மேல்தான் செல்லுபடியாகும்.

கடைசியாக ஒரு தடை. ‘இன்று மாற்றியதை நாளையும் மாற்றுவார்கள். எதற்காகப் பிள்ளைகள் படிக்க வேண்டும்?’ மாற்றுவார்கள். பட்லர் தாம் வைத்த பெயரைத் தாமே பன்னிரண்டு ஆண்டில் மாற்றவில்லையா? ஆனால் அவர் கோதாவரியில் வரைந்து காட்டிய வித்துப்பை மாறவில்லை. பெயர் சட்டை; அது கிழியும், வேறு தைப்பார்கள். பை எப்படித் திறக்கிறது, வித்துக்கு எத்தனை கசையிழை, முட்டை எங்கே உருவாகிறது என்று கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு எந்த வகைப்பாட்டிலும் செல்லும். ஆசிரியப் பெருமக்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: பைகோமைசீட்ஸ் என்ற சொல்லை மாணவர் வாயில் மட்டும் ஏற்றாதீர்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் குளத்து நீரை எடுத்து, வேகவைத்த விதை ஒன்றைப் போட்டு, சில நாள் கழித்து அதன்மேல் படரும் வெண்பஞ்சை நுண்ணோக்கியில் காட்டுங்கள். வித்து நீந்தி வெளியேறுவதைப் பிள்ளை பார்க்கட்டும்.

கெடாவின் ரப்பர் பரப்பு குறைந்திருக்கிறது. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, சில இடங்களில் டுரியான் வந்தது. இருக்கிற ரப்பருக்கு 2010களின் பிற்பகுதியில் புதிதாக ஓர் இலையுதிர்வு வந்தது. இந்தோனேசியாவில் தலைகாட்டி மலேசியா, தாய்லாந்து என்று பரவிய பெஸ்டலோஷியாப்சிஸ் நோய். இலையின் நடுவே வட்ட வட்டமாகப் புள்ளிகள் காய்ந்து, இலை மஞ்சளாகி உதிர்கிறது. இதை உண்டாக்குவது அசல் பூஞ்சை. குறுக்குச் சுவரும் உண்டு, கைட்டினும் உண்டு, எர்கோஸ்டெராலும் உண்டு. புதுத்தளிர் விடும் பருவத்தில் வரும் சாம்பல் நோயும் அசல் பூஞ்சைதான். அதற்குக் கந்தகத்தூள் அடிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். ஆக, ரப்பர் இலை கீழே கிடக்கிறது என்ற ஒரே செய்திக்கு மூன்று குற்றவாளிகள் இருக்கிறார்கள். இரண்டு பேர் தெம்பேயின் தூரத்துச் சொந்தம்; ஒருவர் கடற்பாசியின் சொந்தம். பழைய வகைப்பாட்டுக்கு மூவரும் பூஞ்சைகளே. கந்தகம் பைட்டோப்தோராவை அசைக்காது. அசோல் அதைத் தொடாது. மெட்டலாக்சில் மற்ற இருவரையும் தொடாது. தவறான டப்பாவைத் திறந்தவருக்கு மருந்துக் காசும் போகும், அந்த மழைக்காலத்துப் பாலும் போகும்.

ஆகவே மருந்துக் கடைக்குப் போகும் முன், விழுந்து கிடக்கும் இலையைக் கையில் எடுங்கள். புள்ளி இலையின் பரப்பில் இருக்கிறதா, கறுப்பு காம்பில் இருக்கிறதா? கறுப்பின் நடுவே வெள்ளைப் பால் உறைந்திருக்கிறதா? உதறினால் மூன்று சிற்றிலையும் கழல்கிறதா? பிறகு அண்ணாந்து, கிளையில் பச்சைக்காய் கறுத்துத் தொங்குகிறதா என்று பாருங்கள்.